ராக் ஸ்லைடருக்கு எந்தப் பூச்சு: பவுடர் கோட்டிங்கா, எனாமலா, துத்தநாகமா?

வாசகர் கேள்வி: 2024 மே 11, காலை

என் மஹிந்திரா தார் வண்டிக்கு, பக்கவாட்டின் அடிப்பகுதி பாறையில் இடிபடாமல் காக்கும் இரும்புக் குழாய்ச் சட்டமான ராக் ஸ்லைடர் ஒரு ஜோடி கோவையிலேயே பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கியிருக்கிறேன். உட்பக்கம் செவ்வகக் குழாய், வெளிப்பக்கம் உருண்டைக் குழாய், சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) போல்ட் போட்டு இறுக்கும் வகை. இன்னும் எந்தப் பூச்சும் ஏறவில்லை. வெறும் இரும்பாக வீட்டில் கிடக்கிறது. செய்துகொடுத்தவர், "பவுடர் கோட்டிங் போட்டுவிடுங்கள், ஆயுளுக்கும் திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்கிறார். கூட வண்டி ஓட்டும் நண்பர், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஸ்ப்ரே கேன் எனாமல் போதும் என்கிறார். இருவருமே அனுபவசாலிகள். மாதத்தில் ஓரிரு முறை பாறை வழிகளில் போவேன். மற்ற நாட்களில் அலுவலகத்துக்கும் இதே வண்டிதான். எது நீடித்து உழைக்கும்?

என் பதில்: மே 11, இரவு

பாறையில் உட்காரும் அடிப்பக்கத்தைப் பொறுத்தவரை எதுவும் உழைக்காது. நீலகிரியிலும் அதைச் சுற்றியுள்ள மலைகளிலும் சக்கரத்துக்குக் கீழே வருவது பெரும்பாலும் சார்னோக்கைட், நைஸ் என்ற கடும்பாறை வகைகள். அவற்றில் உள்ள குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவுகோலில் 7, ஃபெல்ட்ஸ்பாரின் கடினம் 6. ஸ்லைடர் செய்யும் சாதாரண மைல்டு ஸ்டீல் அதே அளவுகோலில் 4-ஐச் சற்றே தாண்டுகிறது. இரும்பையே கீறக்கூடிய கல்லின் மேல், ஒன்றரை டன்னுக்கு மேற்பட்ட வண்டி இறங்கி உட்கார்ந்து முன்னோக்கிச் சறுக்கும்போது, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன்கூட இல்லாத படலம், எந்த வேதிப்பொருளால் ஆனதாக இருந்தாலும், கிழியத்தான் செய்யும்.

ஆகவே பூச்சைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது, அது எத்தனை நாள் கிழியாமல் இருக்கும் என்பதை அன்று; கிழிந்த பிறகு அந்தக் கிழிசலைச் சுற்றி என்ன நடக்கிறது, அதைச் சரிசெய்ய எனக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்கிற இரண்டையும்தான். உங்கள் நண்பர் சொன்ன ஸ்ப்ரே கேன் இந்தக் கணக்கில் நீங்கள் நினைப்பதைவிட மேலே வரும்.

மே 12

பவுடர் கோட்டிங்கை நான் குறைத்துப் பேசுவதாக ஒருவர் தனிச்செய்தியில் வருத்தப்பட்டிருக்கிறார். குறைத்துப் பேசவில்லை. பாறையில் படாத பொருளுக்கு அது மிக நல்ல பூச்சு. மின்னேற்றிய பொடியை இரும்பின் மேல் படியவைத்து, 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் பத்து முதல் இருபது நிமிடம் வேகவைத்தால், 60 முதல் 100 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) தடிமனில் ஒரே தோலாக இறுகிவிடுகிறது. வெயிலில் நிற்கும் பொருளுக்குப் பாலியஸ்டர் பொடி வேண்டும். எபாக்சிப் பொடி கெட்டியாகப் பிடிக்கும், ஆனால் வெயிலில் வெளிறிச் சுண்ணாம்புபோல் பொடி உதிர்க்கும். கடைக்காரரிடம் எது என்று கேட்டால் "நல்ல பொடி" என்றுதான் பதில் வரும். டப்பாவைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அந்த ஒரே தோல் என்பதே ஸ்லைடரில் சிக்கலாகிறது. என் முதல் ஜோடிக்குப் பவுடர் கோட்டிங்தான். மேற்பக்கமும் பக்கவாட்டும் இன்றைக்கும் குறை சொல்ல முடியாத நிலையில் இருக்கின்றன. அடிப்பக்கத்தில் பாறை கிழித்த கோடுகளின் ஓரமாக ஈரம் புகுந்து, தோலுக்கும் இரும்புக்கும் இடையே நகர்ந்துகொண்டே போயிருக்கிறது. ஒரு மழைக்காலம் முடிந்தபின் அந்த இடத்தை விரலால் அழுத்தினால் மெத்தென்று இருந்தது. நகத்தால் நெம்பியதும் உள்ளங்கை அகலத்துக்குத் தாளாக உரிந்து வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் கருப்பு நிறம் அப்படியே இருக்க, உள்ளே இரும்பு காவியாகப் பொரிந்திருந்தது. எனாமலாக இருந்தால் துரு வெளியே தெரிந்து நம்மை எச்சரித்திருக்கும்.

இதில் பொடியின் குற்றம் பாதிதான். பொடி ஏறுவதற்கு முன் எண்ணெய் போக்கி, அமிலத்தில் துரு நீக்கி, கழுவி, பாஸ்பேட் ஏற்றுகிற வேலையைக் கடைகளில் "ஏழு தொட்டி முறை" என்பார்கள். அது முழுமையாக நடந்தால் ஈரம் இத்தனை வேகமாக உள்ளே நகராது. எனக்கு வேலை செய்த கடை, தன்னிடம் ஏழு தொட்டிகள் இருப்பதைப் பலகையில் எழுதி வைத்திருந்தது. என் ஸ்லைடரை அவற்றில் எத்தனையில் முக்கியது என்பதை எழுதவில்லை.

மே 12, பின்னிரவு

விட்டுப்போன ஒன்று. ஸ்லைடர் கனத்த பொருள். சன்னலுக்கான மெல்லிய தகட்டுச் சட்டங்களுக்குப் பழகிய அடுப்பில், உள்ளே இருக்கும் காற்று 200 டிகிரியைத் தொட்டுவிட்டாலும், தாங்கித் தகடும் குழாயும் சேர்ந்த இரும்பு அந்தச் சூட்டை எட்ட இன்னும் நெடுநேரம் ஆகும். நேரக் கணக்கு இரும்பின் சூட்டிலிருந்து தொடங்க வேண்டுமே தவிர, கதவைச் சாத்திய நொடியிலிருந்து அன்று. சரியாக வேகாத பொடி பார்வைக்குப் பளபளப்பாகவே இருக்கும். முதல் கல்லடியில் கண்ணாடிபோல் தெறிக்கும்.

மே 14

எந்தப் பூச்சு என்று இவ்வளவு பேசுகிறோம். எதன் மேல் பூசுகிறோம் என்பதை யாரும் கேட்கவில்லை. எனக்கு வாய்ப்புக் கிடைத்தால் பூச்சுக்கு ஒதுக்கும் பணத்தில் பெரும்பங்கை இந்தக் கட்டத்துக்கே கொடுப்பேன்.

புதிய குழாயின் மேல் நீலங்கலந்த கருநிறத்தில் ஒரு படலம் இருக்கும். அது மில் ஸ்கேல். இரும்பு சூடாக உருட்டப்படும்போது உண்டாகும் ஆக்சைடு. பார்க்க உறுதியாக இருப்பதால் அதன் மேலேயே பிரைமர் அடித்துவிடுகிறார்கள். சில மாதங்களில் அது தானே கழன்று, தன் மேல் இருக்கும் எல்லாப் பூச்சையும் தன்னோடு எடுத்துக்கொண்டு போகிறது. சில குழாய்களில் ஆலையிலேயே துருப்பிடிக்காமல் இருக்க ஒரு வார்னிஷ் அடித்திருப்பார்கள்; அதையும் எடுத்தாக வேண்டும். வயர் பிரஷ் மில் ஸ்கேலைப் பளபளப்பாக்குமே ஒழிய எடுக்காது. கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க் (எமரித்தாள் மடல்கள் அடுக்கிய வட்டு) போட்டுத் தேய்க்கலாம், அல்லது பிளாஸ்டிங் செய்யும், அதாவது கரடுமுரடான துகளை வேகமாகப் பீய்ச்சி இரும்பைச் சுத்தம் செய்யும், கடைக்கு அனுப்பலாம். பிளாஸ்டிங் என்றால், எவ்வளவு சுத்தம் என்பதற்கான ஐ.எஸ்.ஓ. 8501-1 அளவில் எஸ்.ஏ. 2½ என்று சொல்லுங்கள். அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது புரியும், புரியாதவரிடம் கொடுக்க வேண்டாம். பிளாஸ்டிங் முடிந்த இரும்பு, காற்றில் ஈரம் மிகுந்த நாளில் சில மணி நேரத்திலேயே மஞ்சள் பூக்கத் தொடங்கிவிடும். ஆகவே காலையில் பிளாஸ்டிங், அன்றைக்கே பிரைமர். இடையில் வெறுங்கையால் தொடவே கூடாது.

வெல்டிங் செய்த இடங்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். மிக் வெல்டிங் கோட்டின் மேல் பழுப்பு நிறத்தில் கண்ணாடிபோன்ற சிறு திட்டுகள் இருக்கும், அவை சிலிக்கா. அவற்றின் மேல் எந்தப் பூச்சும் ஒட்டாது, அமிலத் தொட்டியிலும் அவை கரையாது. ஸ்லைடரில் முதல் துருப்புள்ளி வெல்டிங் கோட்டிலேயே தோன்றுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். உளியால் தட்டி, கிரைண்டரால் தேய்த்து எடுங்கள். தெறித்து ஒட்டிய உருண்டைகளையும் அப்படியே.

கூரான விளிம்புகள் அடுத்த பலவீனம். ஈரமான பூச்சு உலரும்போது விளிம்பிலிருந்து விலகிச் சமதளத்துக்கு ஒதுங்குவதால், விளிம்பில் நிற்பது மிக மெல்லிய படலம்தான். தகட்டு விளிம்புகளை 2 மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருட்டிவிட்டு, ஸ்ப்ரே செய்வதற்கு முன் விளிம்புகளுக்கும் வெல்டிங் கோடுகளுக்கும் மட்டும் பிரஷால் ஒரு கோட் தனியாகக் கொடுத்தால், நீங்கள் எந்தப் பூச்சைத் தேர்ந்தெடுத்தாலும் அதன் ஆயுள் கூடும். கப்பல் தளங்களிலும் பாலங்களிலும் இதை வழக்கமாகச் செய்கிறார்கள்.

மே 15

பழைய என்ஜின் ஆயிலைத் தடவிவிடலாமா என்று கேட்டவருக்கு: தடவலாம். புழுதி ஒட்டும், வீட்டு வாசலில் சொட்டும், பின்னாளில் எந்தப் பெயிண்ட்டும் அதன் மேல் பிடிக்காது. உங்கள் வீட்டில் யாரும் வெள்ளைச் சேலையோடு வண்டியில் ஏறுவதில்லை என்றால் முயன்று பார்க்கலாம்.

மே 18

துத்தநாகம் பற்றிக் கேட்டவர்கள் மூவர். ஒன்றாகவே எழுதுகிறேன்.

மற்றப் பூச்சுகள் எல்லாம் இரும்புக்கும் ஈரத்துக்கும் இடையே சுவராக நிற்பவை. சுவர் உடைந்தால் வேலை முடிந்தது. துத்தநாகம் அப்படி நிற்பதில்லை. ஈரம் பட்ட இடத்தில் இரும்புக்கு முன்னால் தான் அரிபட்டு, இரும்பை விட்டுவைக்கிறது. கீறல் விழும் என்று தெரிந்தே பூசும் பொருளுக்கு இந்தக் குணம் பெரிய உதவி. இதற்கு எல்லை உண்டு: இந்தக் காப்பு கீறலின் ஓரத்திலிருந்து சில மில்லிமீட்டர் அளவுக்குத்தான் எட்டும். பாறை கிழித்த மெல்லிய கோடுகளை அது காக்கும். அங்குல அகலத்துக்குச் சீவி எடுத்த இடத்தின் நடுப்பகுதியைக் காக்காது.

பிரைமர் வடிவில் வாங்கும்போது "ஜிங்க்" என்ற பெயரை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் வேறு, ஜிங்க் ரிச் பிரைமர் வேறு. முதலாவது துருவை மட்டுப்படுத்தும் சாதாரண பிரைமர். அதில் உலோகத் துத்தநாகம் இல்லை. இரண்டாவதில், உலர்ந்த படலத்தின் எடையில் பெரும்பகுதி துத்தநாகத் தூளே. டப்பாவைத் தூக்கினாலே தெரியும், அளவுக்குப் பொருந்தாத கனம் இருக்கும். தூள் அடியில் தங்கிவிடும் என்பதால் கலக்கிக்கொண்டே பூச வேண்டும். அது வேலை செய்வதற்குத் தூளுக்கும் இரும்புக்கும் மின்தொடர்பு வேண்டும். எனவே பிளாஸ்டிங் செய்த வெற்று இரும்பின் மேல் மட்டுமே அதைப் பூசலாம். துருவின் மேலோ, ரெட் ஆக்சைடின் மேலோ பூசினால் அது விலை கூடிய சாம்பல் நிறப் பெயிண்ட்.

என் இப்போதைய ஜோடியில் அடிப்பக்கம் முழுவதும் பிளாஸ்டிங், இரு பாக (பிசினோடு ஹார்டனர் கலந்து பூசும்) எபாக்சி ஜிங்க் ரிச் பிரைமர், அதன் மேல் கருப்பு எபாக்சி. எபாக்சி வெயிலில் வெளிறும் என்று மேலே எழுதினேன். அடிப்பக்கத்துக்கு வெயில் எங்கே படுகிறது? வெயில் படுகிற வெளிப்பக்கத்துக்கு மட்டும் அதன் மேல் பாலியூரிதேன்.

மே 18, மாலை

இந்தத் தொடரில் ஒருவர், ஜிங்க் ரிச் பிரைமரின் மேல் நேராகச் சாதாரண சின்தடிக் எனாமல் அடித்திருப்பதாகவும், அது ஓராண்டில் பொரிந்து உதிர்ந்ததாகவும் எழுதி, பிரைமர் போலியாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறார். பிரைமர் அசலாக இருந்தாலும் அப்படித்தான் ஆகும். துத்தநாகம் ஈரத்தில் அரிபடும்போது அங்கே காரத்தன்மை உண்டாகிறது. எனாமலில் உள்ள ஆல்கிட் பிசினின் எண்ணெய்ப் பகுதி காரத்தோடு சேர்ந்து சோப்பாக மாறிவிடுகிறது. அதாவது பூச்சின் அடிப்பக்கமே சோப்பாகி, மேல்பகுதி பிடிப்பின்றிக் கழன்று வருகிறது. துத்தநாகத்துக்கும் ஆல்கிட் எனாமலுக்கும் இடையே ஓர் எபாக்சிக் கோட் இருக்க வேண்டும். கால்வனைஸ் செய்த (துத்தநாகம் ஏற்றிய) கேட்டில் எனாமல் நிற்காததற்கும் இதே காரணம்தான்.

மே 20

ஸ்ப்ரே கேன் தரப்புக்கு வருவோம், அதுதான் இங்கே பலருக்கும் உண்மையில் பயன்படும். உங்கள் ஸ்லைடரை இந்த வாரமே வண்டியில் மாட்ட வேண்டும், பிளாஸ்டிங்குக்கு வழியில்லை என்றால்: ஃபிளாப் டிஸ்க்கால் மில் ஸ்கேலை எடுத்து, தின்னர் தோய்த்த துணியால் இருமுறை துடைத்து, ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் இரண்டு கோட், சாட்டின் கருப்பு எனாமல் இரண்டு கோட். ஒவ்வொரு பயணத்துக்கும் பின் கழுவி, காயவிட்டு, வெளிப்பட்ட இரும்பைத் தேய்த்து, அதே பிரைமர், அதே கருப்பு. வண்டியை விட்டுக் கழற்றாமல், அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்துப் படுத்துக்கொண்டு முடித்துவிடலாம். கருப்பில் ஒரு பெரிய வசதி, ஒட்டுப்போட்டது தெரியாது. பளபளப்பு வகையை வாங்கினால் தெரியும், அதனால்தான் சாட்டின் அல்லது மேட்.

பிரைமர் டப்பா தேர்வில் ஓர் எச்சரிக்கை. நம் ஊரில் தலைமுறைகளாகப் புழங்கும் ரெட் ஆக்சைடு பிரைமர்களில் ஜிங்க் குரோமேட் சேர்ந்த வகையும் உண்டு, ஐ.எஸ். 2074 என்ற தரம் அதற்கானதுதான். துருவைத் தடுப்பதில் குரோமேட் கெட்டிக்காரப் பொருள். அறுவிணைய குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்பதும் அதே அளவு உறுதியானது. ஒவ்வொரு மாதமும் கிரைண்டரால் தேய்க்கப்போகிற பொருளில் அதைப் பூசி, அந்தத் தூளை நாமே மூச்சிழுக்க வேண்டியதில்லை. ஜிங்க் பாஸ்பேட் போதும். எதைத் தேய்த்தாலும் முகக்கவசம் போடுங்கள்.

எண்ணெய் சார்ந்த பூச்சு பழைய சரக்கு என்று ஏளனம் செய்தவருக்கு: ரஸ்ட்-ஓலியம் என்ற பெயிண்ட் நிறுவனம் 1921-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டதே, கப்பல் தளத்தின் துருவில் சிந்திய மீன் எண்ணெய் அரிப்பை நிறுத்தியதை ராபர்ட் ஃபெர்கூசன் என்ற கப்பல் தலைவர் கவனித்ததால்தான். மெதுவாக உலர்கிற எண்ணெய்ப் பூச்சுக்கு, முழுதும் சுத்தமாகாத இரும்பின் சிறு பள்ளங்களில் ஊறிப் பிடிக்க நேரம் கிடைக்கிறது. வேகமாக உலரும் பூச்சுகளுக்கு அந்தப் பொறுமை இல்லை.

மே 26

பெட் லைனர் வகைப் பூச்சுகள், அதாவது பிக்கப் வண்டிகளின் சரக்குத் தளத்துக்குப் பூசுபவை. ராப்டர் போன்ற இரு பாகப் பாலியூரிதேன், சொரசொரப்பாகத் தடித்து நிற்கும். இவற்றைப் பற்றி என் கருத்து இரண்டாகப் பிரிகிறது.

ஸ்லைடரின் மேற்பக்கம், அதாவது ஏறி இறங்கக் கால் வைக்கிற இடம், இதற்கு மிகவும் ஏற்றது. மழையில் செருப்போடு ஏறும் அம்மாவுக்குப் பவுடர் கோட்டிங்கின் வழவழப்பு ஆபத்து. சொரசொரப்பான லைனர் அங்கே பிடிப்புக் கொடுக்கும்.

அடிப்பக்கத்தில் இதே குணம் எதிரியாகிறது. ஸ்லைடர் என்பது பாறையின் மேல் வழுக்கிக்கொண்டு போவதற்காக இருப்பது. சொரசொரப்பான தடித்த ரப்பர்போன்ற படலம் கல்லைப் பிடித்துக்கொள்கிறது. வெற்று இரும்பு வழுக்குகிறது. போதாக்குறைக்கு, பிடித்துக்கொண்ட கல் அந்தத் தடிமன் முழுவதையும் கொத்தாகப் பிய்த்து எடுக்கிறது, பிய்ந்த இடத்தின் ஓரத்தில் சேறும் ஈரமும் தங்க ஒரு பொந்து உண்டாகிறது. அதை ஒட்டுப்போட மறுபடியும் ஹார்டனர் கலக்க வேண்டும்.

ஹார்டனர் என்றதும் ஒன்று. இந்த இரு பாகப் பாலியூரிதேன்கள் எல்லாவற்றிலும், கார் பட்டறைகளில் அடிக்கும் டூ-கே பெயிண்ட் உட்பட, ஐசோசயனேட் உண்டு. ஸ்ப்ரே செய்யும்போது அது நுண்துளியாக மூச்சில் கலந்தால் ஆஸ்துமாவை உண்டாக்கும்; ஒருமுறை உடல் ஒவ்வாமைக்குப் பழகிவிட்டால் அதன் பின் மிகச் சிறிய அளவே போதும். துணிக் கவசம் இதற்கு உதவாது. வெளியிலிருந்து காற்று வரும் கவசம் இல்லாத பட்டறையில் பெயிண்டரை இதை அடிக்கச் சொல்லாதீர்கள். வீட்டு கார் ஷெட்டில் நீங்களும் அடிக்காதீர்கள். பிரஷாலோ ரோலராலோ பூசினால் துளி பறக்காது, ஆபத்து வெகுவாகக் குறையும். லைனரை ரோலரால் பூசுவது எளிது, பார்வைக்கும் பழுதில்லை.

ஜூன் 2

"ஆயிரம் மணி நேரம் உப்புத் தெளிப்புச் சோதனையில் தேறியது" என்ற விளம்பரத்தை ஒருவர் பகிர்ந்து, இதற்கு மேல் என்ன வேண்டும் என்கிறார். ஏ.எஸ்.டி.எம். பி117 என்னும் அந்தச் சோதனையில் 35 டிகிரி சூட்டில் 5 சதவீத உப்புக் கரைசலை ஓயாமல் மூடுபனிபோல் தெளிக்கிறார்கள். நடுவில் உலர்வதில்லை, வெயில் இல்லை, கல் இல்லை. நம் வண்டி நனைந்து, காய்ந்து, மறுபடி நனைகிறது. அந்தச் சுழற்சிதான் இரும்பை அதிகம் தின்கிறது. ஒரே ஆலையின் இரண்டு தொகுதிகளை ஒப்பிட அந்த எண் உதவும். ஸ்லைடருக்கு எத்தனை ஆண்டு என்று அதிலிருந்து கணக்கிட வழியில்லை. கேட்பதென்றால், சோதனைத் தகட்டில் முன்கூட்டியே கீறல் போட்டார்களா, அந்தக் கீறலிலிருந்து துரு எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று கேளுங்கள். ஸ்லைடருக்குத் தேவையான ஒரே எண் அதுதான்.

அமெரிக்கக் காணொளிகளை ஆதாரம் காட்டுபவர்களும் இடம் பார்த்துக் காட்ட வேண்டும். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் வட மாநிலத்துக்காரர் பவுடர் கோட்டிங்கைத் திட்டுவார். காற்று வறண்ட யூட்டாவில் மோவாபின் மணற்கல்லில் ஓட்டுபவர் வெற்று இரும்போடு திரிந்தாலும் ஒன்றும் ஆகாது. மணற்கல் பெயிண்ட்டை எமரித்தாள்போல் தேய்த்து எடுக்கும், ஆனால் துருவுக்கு வேண்டிய ஈரம் அங்கே அரிது. கொளுக்குமலைக்கும் வால்பாறைக்கும் போய்வரும் நமக்கு ஈரமும் உண்டு, கல்லும் உண்டு. கிழக்குக் கடற்கரையில் குடியிருப்பவர்களுக்கு உப்பும் சேர்ந்துகொள்கிறது.

ஜூன் 9

குழாயின் உட்புறம் பற்றி யாருமே கேட்கவில்லை. இரும்பு அங்கிருந்தும் கெடும். இரு முனைகளும் தகடு வைத்து முழுமையாக வெல்டிங் செய்து மூடியிருந்தால், உள்ளே இருக்கும் சிறிதளவு ஆக்சிஜன் தீர்ந்ததும் துரு நின்றுவிடும், கவலை இல்லை. பாதி மூடியது, ரப்பர் மூடி போட்டது, போல்ட்டுக்காகத் துளையிட்டது ஆகியவைதான் ஆபத்து. தண்ணீர் புகும், வெளியேற வழியிராது. அப்படிப்பட்ட குழாய் என்றால் தாழ்வான இடங்களில் வடிகால் துளை போட்டு, நீண்ட குழல் வைத்த ஸ்ப்ரேயால் உட்குழி மெழுகு அடித்துவிடுங்கள். துளையைப் பாறை படாத உட்பக்கச் சரிவில் போடுங்கள், இல்லையென்றால் முதல் பயணத்திலேயே சேறு அடைத்துவிடும்.

சேஸிஸோடு பொருந்தும் முகத்திலும் போல்ட் தலைக்கு அடியிலும் தடித்த பூச்சு இருக்கவே கூடாது. அழுத்தத்தில் பூச்சு மெல்ல நசுங்கி ஒதுங்கும். அந்த அளவுக்குப் போல்ட்டின் இறுக்கம் குறையும். வண்டியின் பாதி எடை வந்து இறங்கும் தாங்கியில் இது விளையாட்டன்று. பவுடர் கோட்டிங்குக்குக் கொடுத்தால் அந்த முகங்களை மறைத்து ஒட்டச் சொல்லுங்கள். அங்கே மெல்லிய பிரைமர் மட்டும் போதும். மாட்டிய பின், முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து மறுபடி ஒருமுறை சரிபாருங்கள்.

நவம்பர் 24

இரண்டு பருவமழையும் முடியும் நேரத்தில் அடியில் படுத்துப் பார்த்தேன். மெல்லிய கீறல்களில் துத்தநாகம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, துரு இல்லை. அகலமாகச் சீவப்பட்ட இடங்களில், எதிர்பார்த்தபடி, துரு இருக்கிறது. ஆனால் ஓரத்தை நெம்பினால் பூச்சு எழவில்லை. அந்த இடங்களை ஜிங்க் பாஸ்பேட்டும் கேன் கருப்பும் கொண்டு மூடினேன். தேய்த்த துருவின் மேல் ஜிங்க் ரிச் வேலை செய்யாது என்பதால், முதலில் பூசியதையே ஒட்டுப்போடவும் பயன்படுத்த வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு இல்லை.

ஹாட் டிப் கால்வனைசிங் பற்றி மே மாதத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டேன். இப்போது யோசித்தால், புதிதாக ஒரு ஜோடி செய்வதாக இருந்தால் அதைத்தான் முதலில் விசாரிப்பேன். ஏறத்தாழ 450 டிகிரியில் உருகிய துத்தநாகத்தில் முழுப் பொருளையும் முக்குகிறார்கள். துத்தநாகம் இரும்போடு கலந்து அடுக்குகளாகப் படிகிறது. அந்தக் கலப்பு அடுக்குகளில் சில, கீழே உள்ள மைல்டு ஸ்டீலைவிடக் கடினமானவை. ஐ.எஸ்.ஓ. 1461 தரப்படி 3 முதல் 6 மில்லிமீட்டர் வரையுள்ள இரும்புக்குச் சராசரி 70 மைக்ரானும், 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்டதற்கு 85 மைக்ரானும் குறைந்தபட்சம். தோலாக உரிய அங்கே தோலே இல்லை. குழாயின் உட்புறத்துக்கும் சேர்த்தே பூச்சு ஏறிவிடும்.

இதைத் தீர்மானிக்க வேண்டிய நேரம் பெயிண்ட் கடையில் நிற்கும்போது அன்று, பட்டறையில் வரைபடம் போடும்போது. மூடிய குழாயை அந்தத் தொட்டியில் இறக்கினால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிக் குழாய் வெடிக்கும். சுற்றி நிற்பவர்கள் மேல் உருகிய உலோகம் தெறிக்கும். ஒவ்வோர் அறைக்கும் காற்றுப் போகவும் துத்தநாகம் வடியவும் துளைகள் இருக்க வேண்டும், அவற்றை முக்குபவரிடம் காட்டிய பிறகே வேலை. மெல்லிய தகடுகள் சூட்டில் சற்று முறுகலாம். எனவே போல்ட் துளைகளைக் கொஞ்சம் தாராளமாக விடுவது நல்லது. பின்னாளில் அதன் மேல் வெல்டிங் செய்ய வேண்டியிருந்தால் துத்தநாகத்தை முதலில் தேய்த்து எடுக்க வேண்டும், அந்தப் புகை காய்ச்சல் தரும். நிறம் சாம்பல். கருப்புத்தான் வேண்டும் என்பவர்கள், லேசாக பிளாஸ்டிங் செய்து சொரசொரப்பாக்கி எபாக்சி அடிக்கலாம். நான் சாம்பலாகவே விட்டுவிடுவேன்.

2025 ஜனவரி 12

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். இத்தனைக்கும் பிறகு ஜூன் மாதமே பவுடர் கோட்டிங் போட்டுவிட்டாராம். இப்போது அடிப்பக்கத்தில் கிழிசல்கள், என்ன செய்வது என்கிறார். செய்தது தவறில்லை, அலுவலகத்துக்கும் அதே வண்டி என்றபோது மேற்பக்க அழகுக்கு ஒரு மதிப்பு உண்டு. முழுவதையும் உரித்து மறுபடி பொடி போட வேண்டாம். அடுத்த பாறையில் அதுவும் போகும்.

கிழிசலின் ஓரத்தை ஸ்கிராப்பரால் நெம்பிக்கொண்டே வெளிப்புறமாகப் போங்கள். எழுகிற வரை எடுங்கள். பிடித்து நிற்கிற இடம் வந்ததும் நிறுத்துங்கள். கைகூசி முன்கூட்டியே நிறுத்தினால் ஒட்டு ஒரு மழைக்குக்கூட நிற்காது. வெளிப்பட்ட இரும்பைத் தேய்த்துப் பிரகாசமாக்கி, எஞ்சிய பொடித்தோலின் விளிம்பை 120 எண் எமரித்தாளால் சரிவாக இழைத்து, சுற்றிலும் நாலு விரல் அகலத்துக்கு அதைவிட நைசான 320 எண் தாளால் பளபளப்பைப் போக்குங்கள். வழவழப்பான பொடியின் மேல் எனாமல் ஒட்டாது. தின்னரைத் துணியில் லேசாக மட்டும் எடுத்துத் துடைக்கவும், ஊறவிட்டால் பொடி மிருதுவாகிவிடும். பிறகு வெற்று இரும்புக்கு ஜிங்க் பாஸ்பேட் இரண்டு கோட், விளிம்பைத் தாண்டிச் சாட்டின் கருப்பு. அடிப்பக்கம் மெல்ல மெல்ல முழுவதும் எனாமலாக மாறிவிடும், மேற்பக்கம் பொடியாகவே இருக்கும். அந்த இரண்டும் சந்திக்கும் கோட்டை மட்டும் ஒவ்வொரு முறை கழுவும்போதும் விரலால் அழுத்திப் பாருங்கள்.